செகண்டரி திறக்கும்போது சத்தமும் இழுவையும்: இரண்டு பேரல் கார்புரேட்டருக்கான பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பா, பீடோர், சுங்கை வட்டாரத் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சிறுபட்டணங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களில் பல, இரண்டு பேரல் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் இரட்டைக் குழல் கருவி) பொருத்தப்பட்டவை. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா அப்படிப்பட்டதே. இக்கார்களில் ஒன்று பட்டறைக்கு வரும்போது உரிமையாளர் சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே வாக்கியமாகத்தான் இருக்கும்: "மிதிச்சா சத்தம் மட்டும் வருது தம்பி, இழுக்க மாட்டேங்குது." அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கக்கூடும். அவற்றைப் பிரித்தறிய இந்த வழிமுறை ஓர் எளிய அளவுகோலைப் பின்பற்றுகிறது. நல்ல நிலையிலுள்ள கார்புரேட்டரில் செகண்டரி எனப்படும் இரண்டாம் குழல் திறக்கும் சத்தமும் அதனால் கிடைக்கும் இழுவையும் ஒன்றாக வந்து சேரும். அவை இரண்டும் எப்படிப் பிரிகின்றன, எது முந்துகிறது, எது வராமலே போகிறது என்பதைக் கவனித்தால் கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

கார்புரேட்டரின் முதல் குழலான பிரைமரி, மெதுவாக ஓட்டும்போதும் சீரான வேகத்தில் செல்லும்போதும் எஞ்சினுக்குத் தேவையான காற்றை முழுவதும் தானே தருகிறது. அக்குழல் குறுகலாக இருப்பதால் உள்ளே செல்லும் காற்று விரைவாகப் பாய்ந்து, பெட்ரோலை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. குறைந்த வேகத்திலும் எஞ்சின் திக்காமல் ஓடுவதற்கு அந்த விரைவுதான் காரணம். பெடலை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மிதித்த பிறகுதான் இரண்டாம் குழலான செகண்டரிக்கு வேலை வருகிறது. செகண்டரி பெரும்பாலும் பிரைமரியைவிட அகலமானது. பலர் மாற்றிப் பொருத்திக்கொள்ளும் வெபர் 32/36 என்ற கார்புரேட்டரின் பெயரே அதைச் சொல்கிறது: பிரைமரி 32 மிமீ, செகண்டரி 36 மிமீ.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது இரண்டு முறை காற்று உள்ளிழுக்கப்படுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அது விநாடிக்கு 100 உறிஞ்சல். 4,500 சுற்றில் 150. இந்த உறிஞ்சல் ஒவ்வொன்றும் ஒரு காற்றதிர்வாக மேல்நோக்கித் திரும்பி வருகிறது. செகண்டரியின் தட்டு (குழலைத் திறந்து மூடும் வட்டத் தகடு) மூடியிருக்கும் வரை அந்த அதிர்வின் பெரும்பகுதி உள்ளேயே அடைபட்டிருக்கும். தட்டு திறந்ததும் அதற்கு அகலமான வழி கிடைப்பதால், ஏர்ஃபில்டர் பெட்டி வழியாகத் தடித்த உறுமலாக வெளியே கேட்கிறது. ஆகவே நாம் கேட்கும் உறுமல், வழி திறந்துவிட்டது என்பதற்கு மட்டுமே சான்று. அந்த வழியாகச் சரியான அளவு பெட்ரோலும் போகிறது என்பதற்கு அது சான்றாகாது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பதால்தான் நல்ல கார்புரேட்டர்கள் பல வீணாகின்றன என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை

செகண்டரி இருவகைப்படும். ஒன்றில், பிரைமரியோடு இணைந்த இரும்பு நெம்பே செகண்டரியையும் இழுத்துத் திறக்கும். கால் எவ்வளவு மிதிக்கிறதோ அவ்வளவு திறக்கும். வெபர் 32/36 இந்த வகை. மற்றொன்றில், கார்புரேட்டரின் பக்கத்தில் வட்டமான சிறு பெட்டி ஒன்றும் அதிலிருந்து செகண்டரியின் அச்சுக்குப் போகும் மெல்லிய தண்டு ஒன்றும் இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் வெற்றிடத்தால் இழுக்கப்படும்போது தண்டு நகர்ந்து தட்டு திறக்கும். கால் மிதிப்பது இங்கே அனுமதி மட்டுமே தருகிறது. எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் காற்றோட்டமே முடிவு செய்கிறது.

இந்த வெற்றிடம், கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வருவதில்லை, குழலுக்குள் காற்றுவழி குறுகும் வென்சூரியின் கழுத்திலிருந்து வருகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெடலை முழுவதும் மிதிக்கும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்; வென்சூரியிலோ காற்று விரைய விரைய வெற்றிடம் கூடும். டயாஃப்ரம் குழாயைக் கொண்டுபோய் மேனிஃபோல்டில் செருகிவிட்டு, "மிதித்தால் திறப்பதில்லை, விட்டால் திறக்கப் பார்க்கிறது" என்று குழம்புவோர் உண்டு. அந்தக் குழப்பத்துக்குக் காரணம் இதுவே.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் விளங்கும். டயாஃப்ரம் வகைச் செகண்டரியை, கார் நிற்கும்போது நியூட்ரலில் முறுக்கிப் பார்த்துச் சோதிக்க முடியாது. சுமை இல்லாத எஞ்சின் கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டே சுற்று ஏறிவிடும். செகண்டரி திறக்க வேண்டிய தேவையே எழாது. அசையாமல் நிற்கும் தண்டைப் பார்த்துவிட்டு "செகண்டரி செத்துப்போச்சு" என்று தீர்ப்பளித்து, டயாஃப்ரத்தையே மாற்றச் சொல்வது தவறு. சாலையில், சுமையோடுதான் சோதிக்க வேண்டும்.

எதையும் கழற்றுமுன்

எஞ்சினை நிறுத்தி, ஏர்ஃபில்டர் மூடியைக் கழற்றி, ஒருவரைப் பெடலை முழுவதும் மிதிக்கச் சொல்லி, மேலிருந்து விளக்கடித்துப் பாருங்கள். பிரைமரியின் தட்டு செங்குத்தாக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது பெடலுக்கடியில் தடித்த கால்மிதி ஒன்று கிடக்கிறது. மழைக்காலத்தில் தோட்டச் சாலைச் சேற்றுக்குப் பயந்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் மிதிகளைப் போட்டிருப்பவர்கள், பெடலின் கடைசிக் கால்வாசியையே இழந்திருப்பார்கள். அந்தக் கால்வாசியில்தான் செகண்டரி இருக்கிறது.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக் முழுவதும் விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில கார்புரேட்டர்களில் சோக் போட்டிருக்கும் வரை செகண்டரி திறக்காதபடி ஒரு பூட்டு நெம்பு தடுக்கும். சோக் கேபிள் இறுகி அரைகுறையாக நின்றுவிட்டால் எஞ்சின் சூடான பிறகும் அந்தப் பூட்டு விலகாது. பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட், இக்னிஷன் டைமிங் ஆகியவை சரியாக இருக்கின்றன என்று உறுதிசெய்த பிறகே கார்புரேட்டரைத் தொடுங்கள்.

இழுவையை அளக்க ஓர் அளவும் வேண்டும். காது ஏமாறும், கடிகாரம் ஏமாறாது. போக்குவரத்து குறைந்த, நேரான, சற்றே ஏற்றமான ஒரு சாலையைத் தேர்ந்துகொண்டு, மூன்றாம் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 90 வரை ஏற எடுக்கும் நேரத்தை உடன் வருபவரைக் கொண்டு கணக்கிடச் சொல்லுங்கள். 1.3 லிட்டர் சிறிய கார் ஒன்றில் அது சுமாராக 3,000 சுற்றிலிருந்து 4,500 சுற்றுவரை ஏறும் எல்லை. செகண்டரி வேலை செய்யும் எல்லையும் அதுதான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே சாலையில், அதே திசையில், அதே எண்ணிக்கையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மீண்டும் அளக்க வேண்டும்.

சத்தமும் மாறவில்லை, இழுவையும் வரவில்லை

பெடலை முழுவதும் மிதித்தாலும் எஞ்சின் ஒரே குரலில் பாடிக்கொண்டிருக்கிறது. பழைய நெடுஞ்சாலையில் லோரியை முந்தப் போனால் வேகம் ஓர் எல்லைக்குமேல் ஏறவில்லை. ஆனால் பட்டணத்துக்குள் ஓட்ட எந்தக் குறையும் இல்லை. இது செகண்டரி திறக்கவே இல்லை என்பதன் அறிகுறி. பொறுமையாக ஓட்டுபவர்களின் கார்களில் மிக அதிகமாகக் காணப்படுவதும் இதுவே, அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தோட்டத்திலிருந்து கோயிலுக்கும் சந்தைக்கும் கிளினிக்குக்கும் மணிக்கு 40, 50 கிலோமீட்டரில் போய்வரும் காரில் செகண்டரி மாதக்கணக்கில் திறவாமலே இருக்கும். அந்த நேரத்தில் பெட்ரோல் ஆவியானதும் எஞ்சும் பசை தட்டின் விளிம்பில் படியும். கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும், சரியாகப் பொருந்தாத ஃபில்டர் வழியாக நுழையும் செம்மண் தூசும் அதோடு கலந்து, தட்டைக் குழலோடு ஒட்டவைத்துவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரைமரியை முழுவதும் திறந்து பிடித்தபடி, செகண்டரியின் நெம்பை விரலால் நகர்த்திப் பாருங்கள். தடையின்றித் திறந்து, விட்டதும் ஸ்பிரிங்கின் விசையில் டக்கென்று மூட வேண்டும். பிரைமரியைத் திறக்காமல் செகண்டரியை வலிந்து தள்ளக்கூடாது. பல கார்புரேட்டர்களில் அந்த நிலையில் அது பூட்டப்பட்டிருக்கும், வலிந்தால் நெம்பு வளைந்துவிடும்.

தட்டு ஒட்டியிருந்தால் கார்புரேட்டர் கிளீனரைத் துணியில் நனைத்து, விளிம்பையும் அச்சின் இரு முனைகளையும் துடையுங்கள். தட்டைச் சுரண்டாதீர்கள்; அதன் விளிம்பு குழலின் வளைவுக்குப் பொருந்தும்படி செதுக்கப்பட்டது, ஒரு கீறல் விழுந்தாலும் ஐடிலிங்கில் (பெடலை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) காற்று கசியும். கிளீனரை டயாஃப்ரம் பெட்டிப் பக்கம் அடிக்கவே கூடாது, அது ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும்.

தட்டு தாராளமாக அசைந்தும் சாலையில் திறக்கவில்லை என்றால், அடுத்ததாக டயாஃப்ரத்தைச் சந்தேகிக்கலாம். அதைக் கழற்றி, தண்டைத் திறந்த நிலைக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வெற்றிடம் வரும் துளையை விரலால் இறுக அடைத்து, தண்டை விடுங்கள். நல்ல டயாஃப்ரம் தண்டை அப்படியே பிடித்துக்கொள்ளும். தண்டு மெல்ல மெல்லத் திரும்பினால் ஓட்டை இருக்கிறது. டயாஃப்ரமும் நன்றாக இருந்தால் வென்சூரியிலிருந்து பெட்டிவரை வரும் நுண்வழி அடைபட்டிருக்கலாம். கார்புரேட்டரை ஏற்கெனவே யாராவது பிரித்துப் பூட்டியிருந்தால் இதை முதலிலேயே சந்தேகியுங்கள்: கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டால் அந்தச் சிறு துளை மூடிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

சாலையில் எவ்வளவு திறந்தது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. டயாஃப்ரம் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையை, நகரக்கூடிய அளவுக்கு மட்டும் இறுக்கி, பெட்டியின் அடியைத் தொட்டபடி பொருத்துங்கள். ஏற்றத்தில் முழு மிதிப்பில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். தண்டு உள்ளே இழுக்கப்பட்டிருந்தால் டை பெட்டியில் முட்டித் தண்டில் சரிந்திருக்கும்; எவ்வளவு சரிந்ததோ அவ்வளவுதான் தண்டு நகர்ந்த தூரம். இருந்த இடத்திலேயே டை இருந்தால் தட்டு திறக்கவில்லை.

சத்தம் முந்துகிறது, இழுவை பிந்துகிறது

மிதித்த உடனே உறுமல் கேட்கிறது, ஆனால் கார் ஒரு கணம் தொய்ந்து, அதன் பிறகே இழுக்கிறது. சில வேளைகளில் கார்புரேட்டர் வழியாகவே டப் என்று வெடிக்கவும் செய்கிறது. காற்று வந்துவிட்டது, பெட்ரோல் இன்னும் வந்து சேரவில்லை என்பது இதன் பொருள்.

செகண்டரியின் தட்டு லேசாகத் திறக்கும் அந்த முதல் கணத்தில் அதன் பிரதான ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு பித்தளைத் துளை) வேலை தொடங்குவதற்குப் போதுமான காற்றோட்டம் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பவே தட்டின் விளிம்பருகே சிறு துளையோ கீற்றோ வைத்திருக்கிறார்கள். தட்டு அசைந்ததும் அதிலிருந்து பெட்ரோல் கசிந்து கலக்கும். அந்தத் துளை பசையால் அடைபட்டால் தொய்வு நிச்சயம். வெபர் வகையில் செகண்டரிக்கென்று தனி ஐடிலிங் ஜெட் இருக்கிறது. ஐடிலிங்குக்கு அது தேவைப்படாது என்பதால் அதை யாரும் கழற்றிச் சுத்தம் செய்வதில்லை, ஆனால் இந்தத் தொய்வுக்கு அதுவே பெரும்பாலும் காரணம். ஜெட்டுகளைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊதினாலே போதும்.

அடுத்த காரணம், செகண்டரி அவசரப்பட்டுத் திறப்பது. டயாஃப்ரத்தின் ஸ்பிரிங்கை வெட்டிக் குறைத்தவர்கள், டயாஃப்ரத்தை ஒதுக்கிவிட்டுத் தண்டைக் கம்பியால் பிரைமரியோடு கட்டியவர்கள் ஆகியோரின் கார்களில் இதைக் காணலாம். 2,000 சுற்றிலேயே இரண்டு குழலும் முழுவதும் திறந்துவிட்டால் அதே அளவு காற்று இரு வழிகளிலும் பகிர்ந்து மெதுவாகப் போகும். வென்சூரியில் வெற்றிடம் சரிந்து, பெட்ரோலை உறிஞ்சும் விசையே குன்றிவிடும். ஓட்டுபவருக்கோ காதடைக்கும் உறுமல் கேட்பதால் வண்டி பறப்பதாகத் தோன்றும். அந்தக் காரின் ஸ்பிரிங்கை மீண்டும் அசலான நீளத்துக்கு மாற்றி, 60லிருந்து 90 வரையான நேரத்தை இரு நிலைகளிலும் அளந்து காட்டினால் உரிமையாளர் தாமே ஒப்புக்கொள்வார். வாதிட்டுப் புரியவைக்க முடியாததைக் கடிகாரம் புரியவைக்கும்.

நெம்பு வகையில் இந்த இடத்தில் ஆக்சிலேட்டர் பம்ப்பின் பங்கும் உண்டு. கால் சட்டென்று மிதிக்கும்போது தட்டும் சட்டென்று திறப்பதால், பம்ப் ஒரு பீய்ச்சலாகப் பெட்ரோலைத் தந்து இடைவெளியை நிரப்ப வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, மேலிருந்து பார்த்தபடி நெம்பை மெல்லத் திறங்கள். முதல் அசைவிலேயே உறுதியான ஒரு பீய்ச்சல் வர வேண்டும். தாமதித்து வந்தாலோ சொட்டினாலோ பம்ப்பின் ரப்பர் தேய்ந்துவிட்டது.

சோக்கைச் சற்று இழுத்துப் பார்த்து, தொய்வு குறைந்தால் பெட்ரோல் பற்றாக்குறை என்று முடிவு செய்யும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. செகண்டரி விஷயத்தில் அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. பல கார்புரேட்டர்களில் சோக்கின் தட்டு பிரைமரியின் மேல் மட்டுமே இருக்கிறது. சிலவற்றில் சோக் இழுத்தாலே செகண்டரி பூட்டிக்கொள்கிறது. ஆகவே தொய்வு குறைந்தது பெட்ரோல் கூடியதாலா, செகண்டரி திறவாமல் போனதாலா என்று சொல்ல வழியில்லை. அதற்குப் பதிலாக, செகண்டரியின் நெம்பை மூடிய நிலையிலேயே இருக்கும்படி மெல்லிய கம்பியால் கட்டிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். நெம்பு வகையில் இரண்டையும் இணைக்கும் இணைப்பைக் கழற்றிய பிறகே கட்ட வேண்டும், இல்லையேல் பிரைமரியும் சிக்கிக்கொள்ளும். தொய்வு மறைந்து, மேல் வேகம் மட்டும் குறைந்திருந்தால் கோளாறு செகண்டரியில்தான். கட்டிய பிறகும் தொய்வு அப்படியே இருந்தால் பிரைமரியையோ இக்னிஷனையோ பாருங்கள், செகண்டரியை விட்டுவிடுங்கள். திறந்த நிலையில் ஒருபோதும் கட்டக்கூடாது. சோதனை முடிந்ததும் கம்பியை அவிழ்க்க மறக்கக்கூடாது.

இரண்டும் சேர்ந்து வந்து, சில விநாடிகளில் தளர்கின்றன

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உறுமலும் வருகிறது, இழுவையும் வருகிறது. நீண்ட ஏற்றத்தில் பத்துப் பதினைந்து விநாடி கடந்ததும் மூச்சடைத்ததுபோல் எஞ்சின் தளர்கிறது, பெடலை விட்டுச் சற்றுப் பொறுத்து மிதித்தால் மறுபடியும் இழுக்கிறது. செகண்டரியின் மேல் பழி போடப்படும் இந்தக் குறைக்கும் செகண்டரிக்கும் தொடர்பே இல்லை. கார்புரேட்டரின் சிறு தேக்கமான ஃப்ளோட் அறையில் இருந்த பெட்ரோல் தீர்ந்துபோகிறது, அவ்வளவே.

50 கிலோவாட் திறன் தரும் ஓர் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டருக்குமேல் பெட்ரோல் கேட்கும். சாதாரண ஓட்டத்தில் அதில் கால் பங்கு இருந்தாலே போதும் என்பதால், பாதி அடைபட்ட ஃபில்டரும் தளர்ந்த பம்ப்பும் அன்றாடம் குறை காட்டுவதில்லை. முதலில் பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தால் டாங்க்கின் காற்றுவழி அடைபட்டிருக்கிறது. அதன் பிறகே பம்ப், ஃப்ளோட் அறையின் ஊசிவால்வு, அதன் மேலுள்ள சிறு வலை ஆகியவற்றுக்குப் போக வேண்டும்.

பெடலை விட்ட பிறகும் செகண்டரி மூடவில்லை

ஐடிலிங் கூடியிருக்கிறது, ஸ்குரூவை முழுவதும் தளர்த்தியும் குறையவில்லை, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. சீரான ஓட்டத்திலும் மெல்லிய உறுமல் ஓயாமல் கேட்கிறது. தட்டு முழுவதும் மூடாததன் அறிகுறி இது. கார்புரேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விளிம்பைச் சுற்றி ஒளிக்கீற்று தெரியும்.

செகண்டரிக்கென்று ஒரு சிறு நிறுத்து ஸ்குரூ உண்டு. தட்டு குழலில் சிக்கிக்கொள்ளாதபடி மயிரிழை இடைவெளி வைப்பதற்காக மட்டுமே அது இருக்கிறது. ஐடிலிங்கைக் கூட்ட யாரோ ஒருவர் அதைத் திருகியிருப்பார். அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தாலே பாதிக் கார்கள் சரியாகிவிடும். மீதியில் திரும்பு ஸ்பிரிங் அறுந்திருக்கும் அல்லது இணைப்புத் தண்டு வளைந்திருக்கும். தட்டைத் தாங்கும் இரண்டு சிறு ஸ்குரூகள் தளர்ந்திருந்தால் உடனே கவனியுங்கள். அவற்றில் ஒன்று கழன்று விழுந்தால் நேராக சிலிண்டருக்குள் போகும்.

ஐடிலிங்கில் விசிலடித்து, மிதித்ததும் அடங்கிவிடும் சத்தத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மேனிஃபோல்டில் வெற்றிடம் மிகுந்திருக்கும்போது மட்டும் கேட்கும் அந்த விசில், கார்புரேட்டரின் அடி கேஸ்கெட்டிலோ ரப்பர் குழாயிலோ உள்ள கசிவு. ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை அடிப்பகுதியைச் சுற்றி நகர்த்தினால் இடம் பிடிபட்டுவிடும். சூடான எஞ்சினின் மேல் எரியக்கூடிய கிளீனரை அடித்துக் கசிவைத் தேடுவது ஆபத்தானது.

உறுமலோடு கரும்புகை

செகண்டரி திறந்ததும் பின்னால் கரும்புகை கக்கி, இழுவை மந்தமாகிறது என்றால் பெட்ரோல் மிகுந்துவிட்டது. ஐடிலிங்கில் ஓடும்போது செகண்டரிக் குழலுக்குள் எட்டிப் பாருங்கள்: பிரதான முனையிலிருந்து பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் மட்டம் உயர்ந்திருக்கிறது அல்லது ஊசிவால்வு கசிகிறது. சொட்டவில்லை என்றால் காற்று ஜெட்டுகளைப் பாருங்கள். செம்மண் தூசு அவற்றில் அடையும்போது பெட்ரோலோடு கலக்க வேண்டிய காற்று குறைந்து, கலவை தடித்துவிடுகிறது. பெரிய ஜெட் போட்டால் சக்தி கூடும் என்று எண்ணி யாரேனும் மாற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். காற்றும் பெட்ரோலும் எடையில் ஏறக்குறைய 12.5க்கு 1 என்ற அளவில் இருக்கும்போதுதான் முழுத் திறன் கிடைக்கும். அதைவிடத் தடித்தால் சக்தி கூடாது, புகைதான் கூடும்.

உறுமலோடு கிணிகிணி ஓசை

இதைக் கேட்டவுடன் காலை எடுத்துவிடுங்கள். கலவை மெலிந்தோ டைமிங் முந்தியோ போனதால் சிலிண்டருக்குள் கலவை கட்டுக்கு மீறி வெடிக்கும் ஓசை இது. அரைகுறை மிதிப்பில் இல்லாமல் செகண்டரி திறந்த பிறகு மட்டும் கேட்டால், செகண்டரியின் பிரதான ஜெட் அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அலட்சியப்படுத்திக்கொண்டு ஏற்றத்தில் மிதித்துக்கொண்டே போனால் பிஸ்டன் உருகி ஓட்டையாகும். இதைச் சரிசெய்யும் வரை காரை முழு மிதிப்பில் ஓட்டவே கூடாது.

சத்தம் கூடியது, நேரம் குறையவில்லை

ஏர்ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த ஃபில்டர் போட்ட கார்களில் செகண்டரியின் உறுமல் இருமடங்காகக் கேட்கும். பெட்டியும் அதன் மூக்கும் அந்த அதிர்வை அடக்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. அவை போனால் சத்தம் கூடுவது இயல்பு. ஆனால் மூக்கு வெளியிலிருந்து எடுத்துவந்த காற்று 35 டிகிரியில் இருந்தது. திறந்த ஃபில்டர் உறிஞ்சும் பானட்டுக்குள்ளான காற்று 65 டிகிரியாக இருக்கலாம். அந்த 30 டிகிரி வேறுபாட்டில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 விழுக்காடு குறையும். நம் ஊர் வெயிலில் இது சிறு இழப்பன்று. உறுமல் பிடித்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும், அது அவரவர் விருப்பம். ஆனால் அதற்காகச் சக்தி கூடியது என்று ஜெட்டை மாற்றத் தொடங்க வேண்டாம். பெட்டியைத் திரும்பப் பொருத்தி, நல்ல பேப்பர் ஃபில்டர் ஒன்றைப் போட்டு, மூக்கின் குழாய் கிழியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தாப்பாவில் நன்றாக ஓடி, கேமரன் மலையில் மட்டும் மந்தமாகிறது

மலையேறும் வழியிலுள்ள ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் செகண்டரி திறந்தால் கரும்புகை வருகிறது, இழுவையும் குறைகிறது என்று சொல்லிக் கார்புரேட்டரைப் பிரிக்கச் சொல்பவர்கள் உண்டு. பிரிக்க வேண்டியதில்லை. கடல்மட்டத்தைவிட 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 14 விழுக்காடு குறைகிறது. எஞ்சினின் திறனும் கிட்டத்தட்ட அதே அளவில் குறையும். கார்புரேட்டரோ காற்று மெலிந்ததை அறியாது. பெட்ரோலை அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளாததால் கலவை 7 விழுக்காடு அளவுக்குத் தடிக்கிறது. டயாஃப்ரம் வகையில், மெலிந்த காற்று வென்சூரியில் உண்டாக்கும் வெற்றிடமும் குறைவாகவே இருப்பதால் செகண்டரி சற்றுத் தாமதித்துத் திறப்பதும் இயல்பே. மலையில் நிறுத்தி ஜெட்டைச் சிறிதாக்கிக்கொண்டு இறங்குபவர், கீழே வந்ததும் மெலிந்த கலவையோடு ஓட்டிக் கிணிகிணி ஓசையைச் சம்பாதிப்பார். மலையில் இயல்பைவிட ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். தாப்பாவுக்கு இறங்கிய பிறகும் புகை நிற்கவில்லை என்றால் மட்டும் ஃப்ளோட் மட்டத்தைத் திறந்து பாருங்கள்.